ரூட்டாக நிறுவாதே: சிவப்பு பேனாவில் எழுதிய ஒரு வரி

போன மாசம் வீடு மாத்தும்போது ஒரு பழைய ஸ்பைரல் நோட்டு கிடைச்சது. 2004-ல் எழுதினது. சோலாரிஸ் மெஷினில் வெப்லாஜிக் 8.1 நிறுவுவது எப்படி என்று என் கையெழுத்தில் பதினாறு படிகள். அந்தப் பக்கத்தின் தலையில் மட்டும் வேறொருவர் கையெழுத்து, சிவப்பு பேனாவில்: ‘ரூட்டாக நிறுவாதே. ரூட்டாக ஓட்டாதே.’

அந்தச் சிவப்பு வரி எப்படி வந்தது என்று முதலில் சொல்லிடறேன். அதன் பின்னாடி எவ்வளவு வரலாறு இருக்குன்னு எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. இந்தக் கட்டுரை அதைப் பத்தினது.

சென்னையில் உட்கார்ந்து, வேறொரு நாட்டில் இருக்கும் வாடிக்கையாளரின் மெஷினில் ராத்திரி வேலை. வழக்கமா எங்களுக்கு ரூட் பாஸ்வேர்ட் தரமாட்டாங்க. அன்னைக்கு ஏதோ கெர்னல் அமைப்பை மாத்த வேண்டியிருந்ததால் ஒரு ராத்திரிக்கு மட்டும் கொடுத்திருந்தாங்க. யூனிக்ஸ் பழகாதவங்களுக்கு: ரூட் என்பது அந்த மெஷினின் முழு உரிமையாளர். எந்தக் கோப்பையும் படிக்கலாம், அழிக்கலாம், யாருடைய வேலையையும் நிறுத்தலாம். மற்ற பயனர்கள் எல்லாரும் அவரவர் அறைக்குள் குடியிருப்பவர்கள். சாவி கையில் இருந்ததால் நான் மொத்த வெப்லாஜிக்கையும் ரூட்டாகவே நிறுவி, ரூட்டாகவே ஓடவிட்டேன். நாப்பது நிமிஷத்தில் முடிஞ்சது. ‘அனுமதி இல்லை’ என்ற வார்த்தையை ஒரு தடவைகூட பார்க்கல. முகவரியில் 7001 என்ற எண் எதுவும் போடாமல், நேராக 80-ஆம் போர்ட்டிலேயே பக்கம் திறந்தது. ஒரே பெருமை.

காலையில் சீனியர் வந்தார். பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கேட்டது ஒரே கேள்வி.

“யார் பேர்ல ஓடுது தம்பி?”

“ரூட்ணா.”

“நிறுத்து. எல்லாத்தையும் அழி. தனியா ஒரு யூசர் போட்டு மறுபடி பண்ணு.”

மறுபடி பண்ண ஒரு நாள் முழுக்க ஆச்சு. எல்லாத்தையும் அழிச்சேன்னுதான் நினைச்சேன், ஆனா டொமைன் ஃபோல்டரை விட்டுட்டேன். ஒரு தடவை ரூட்டாக ஓட்டினதில், உள்ளே லாக் கோப்புகளும் சர்வர் தனக்காக எழுதி வைத்திருந்த தகவல் கோப்புகளும் ரூட் பெயரில் கிடந்தன. புது பயனர் அதைத் தொட முடியாது. சர்வர் கிளம்பும், விழும், கிளம்பும், விழும். ஒவ்வொன்றாகத் தேடி உரிமையை மாத்தி முடிக்கும்போது சாயங்காலம். சீனியர் நோட்டை வாங்கி, சிவப்பு பேனாவில் எழுதிக் கொடுத்துட்டுப் போனார். ஏன்னு சொல்லல. எனக்கு அது செவ்வாய்க்கிழமை நகம் வெட்டாதே மாதிரி ஒரு சம்பிரதாயமாத்தான் பட்டது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 80-ஆம் போர்ட்டுக்கு ரூட் எதுக்கு வேணும்?

இதற்கு 1983-க்குப் போகணும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் இணைய நெறிமுறைகளை உள்ளேயே கொண்டு வந்தது. பின்னாளில் இணையம் பரவினதுக்கு அது ஒரு பெரிய காரணம். அதோடு ஒரு விதியும் வந்தது: 1024-க்குக் கீழே உள்ள போர்ட் எண்களை ரூட் மட்டும்தான் திறக்கலாம். போர்ட் என்பது ஒரு கட்டிடத்தில் கதவு எண் மாதிரி. முதல் ஆயிரத்துச் சொச்சம் கதவுகளின் சாவி உரிமையாளரிடம் மட்டும்.

காரணம் வேடிக்கையானது. ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்குள் பாஸ்வேர்ட் கேட்காமலே நுழைய ஆர்லாகின், ஆர்ஷெல் என்று இரண்டு வசதிகள் இருந்தன. ‘நான் அந்த மெஷினிலிருந்து வரும் இன்னார்’ என்று ஒரு நிரல் சொன்னால் அதை எப்படி நம்புவது? அது 1024-க்குக் கீழே உள்ள கதவு வழியா வந்திருந்தால் நம்பலாம். ஏன்னா அந்தக் கதவைத் திறந்தவர் அங்கே ரூட்டாகத்தான் இருக்கணும். ரூட் பொய் சொல்லமாட்டார்! அன்றைக்கு இது பைத்தியக்காரத்தனம் இல்லை. ஒரு துறைக்கு ஒரு வாக்ஸ் மெஷின், அதற்கு ஒரு நிர்வாகி. அவர் யார்னு பக்கத்து பல்கலைக்கழகத்து நிர்வாகிக்குத் தெரியும். ஊர்ப் பெரியவர் கைநாட்டு மாதிரி.

ஆளாளுக்கு மேஜையில் ஒரு கம்ப்யூட்டர் வந்ததும் கைநாட்டு செல்லாக்காசு ஆயிடுச்சு. என் மெஷினில் நான்தானே ரூட்? எந்தக் கதவை வேணும்னாலும் திறப்பேன், யார் பேரை வேணும்னாலும் சொல்வேன். 1988 நவம்பரில் மாரிஸ் புழு இணையம் முழுக்கப் பரவியபோது, மெஷின்கள் ஒன்றையொன்று கேள்வி கேட்காமல் நம்பும் இந்த ஏற்பாடும் அதற்கு ஒரு வழியாக இருந்தது. 1995-ல் ஃபின்லாந்தில் டாட்டு யிலோனன் எஸ்எஸ்எச் எழுதினார். கொஞ்ச வருஷத்தில் ஆர்லாகினும் ஆர்ஷெல்லும் ஒழிந்தன.

ஆனா விதி மட்டும் ஒழியல. எந்த நம்பிக்கைக்காக அது வந்ததோ அது செத்த பிறகும் 1024 என்ற எண் ஒவ்வொரு யூனிக்ஸின் கெர்னலிலும் அப்படியே உட்கார்ந்திருந்தது. இடையில் இணையப் பக்கங்கள் பிறந்து, அதற்கு 80-ஆம் எண் ஒதுக்கப்பட்டு, யூனிக்ஸில் அந்த எண்ணில் ஓடும் ஒவ்வொரு வெப் சர்வரும் ஒரு கணமாவது ரூட்டாக இருந்தே ஆகணும் என்ற நிலை வந்திடுச்சு.

சி மொழியில் எழுதின சர்வர்களுக்கு இதில் பெரிய கஷ்டம் இல்லை. அப்பாச்சியைப் பாருங்க: ரூட்டாகக் கிளம்பும், 80-ஐத் திறக்கும், வேலை செய்யப் போகும் பிள்ளைச் செயல்களைச் சாதாரண பயனராக மாத்திடும். பல இடங்களில் அந்தப் பயனரின் பெயரே ‘நோபடி’, அதாவது யாருமில்லை. சட்டையைக் கழற்றி வெச்சுட்டு கோயிலுக்குள்ளே போற மாதிரி, அதிகாரத்தைக் கழற்றி வெச்சுட்டுத்தான் வெளியாளுடன் பேசும்.

ஜாவாவால் அது முடியாது. எந்த இயங்குதளத்திலும் ஒரே மாதிரி ஓடணும் என்பது ஜாவாவின் வாக்குறுதி. விண்டோஸில் யூனிக்ஸ் மாதிரி பயனர் எண் கிடையாது. அதனால் ‘இனி நான் வேறொரு பயனர்’ என்று சொல்லும் கட்டளையே ஜாவாவின் பொது நூலகத்தில் இல்லை. ரூட்டாகக் கிளம்பினால் சாகும்வரை ரூட்தான். யூனிக்ஸின் பழைய விதியும் ஜாவாவின் புது வாக்குறுதியும் முட்டிக்கிட்ட இடம் இதுதான். அந்த இடத்தில்தான் வெப்லாஜிக் வருது.

வெப்லாஜிக் என்ற சிறு நிறுவனம் சான் ஃபிரான்சிஸ்கோவில் 1995-ல் தொடங்கியது. ஜாவாவே அந்த வருஷம்தான் வெளிவந்தது. காப்பி வாசனையில் ஜேடிபிசி கோனா என்றெல்லாம் பெயர் வெச்சு தரவுத்தள இணைப்பு நிரல்களை விற்றார்கள். சர்வருக்கு முதலில் வைத்த பெயர் டெங்கா. மலாய் மொழியில் நடு என்று பொருள். நல்ல பொருத்தம்: ஒரு பக்கம் பிரவுசர், மறுபக்கம் தரவுத்தளம், இரண்டுக்கும் நடுவில் நின்று கணக்கு வழக்கைப் பார்ப்பதுதான் அப்ளிகேஷன் சர்வரின் வேலை. 1998-ல் இவர்களை பிஇஏ சிஸ்டம்ஸ் வாங்கியது. பில் கோல்மன், எட் ஸ்காட், ஆல்ஃபிரட் சுவாங் என்ற மூவரின் முதலெழுத்துகள்தான் பி, இ, ஏ. மூவருமே சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்தவர்கள். பெல் ஆய்வகத்தில் பிறந்த டக்ஸீடோ என்ற பரிவர்த்தனை மென்பொருளை நாவெல்லிடமிருந்து எடுத்துத்தான் இவர்கள் வளர்ந்தார்கள். டக்ஸீடோ யூனிக்ஸுக்குள்ளேயே ஊறினது, வெப்லாஜிக் ஜாவாவில் ஊறினது. ஒரே கூரைக்கு கீழே இரண்டு சுபாவம்.

வெப்லாஜிக் 80-ஐ விட்டுட்டு 7001-ல் காத்திருப்பதன் நடைமுறைப் பலன் இப்போ புரிஞ்சிருக்கும். 1024-க்கு மேலே இருப்பதால் எந்தச் சாதாரண பயனரும் திறக்கலாம். ஒரு சின்ன வேடிக்கை: இணைய எண்களின் பொதுப் பதிவேட்டில் 7001 ஏற்கெனவே வேறொருவருக்குச் சொந்தம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஆண்ட்ரூ கோப்பு முறைக்கு ஒதுக்கின எண் அது. அதனால் பல மெஷின்களில் திறந்திருக்கும் போர்ட்டுகளைப் பட்டியல் போட்டா, வெப்லாஜிக் இருக்கிற இடத்தில் ஏஎஃப்எஸ்3-கால்பேக் என்று பெயர் வரும். அதைப் பார்த்துட்டு ‘யாரோ புகுந்துட்டாங்க’ன்னு நடு ராத்திரியில் போன் பண்ணின ஆட்களில் நானும் ஒருத்தன்.

ஆனா பொதுமக்கள் பார்க்கும் முகவரியில் 7001 என்று போட எந்த வங்கிதான் ஒத்துக்கும்? 80-ம் 443-ம் வேணும். பிஇஏ ஒரு வழி வெச்சிருந்தது. நிர்வாகப் பக்கத்தில் ‘யூனிக்ஸ் மெஷின்’ என்று ஒன்றை உருவாக்கி, போர்ட்டைத் திறந்த பிறகு மாறவேண்டிய பயனர் பெயரைக் கொடுக்கலாம். ஜாவாவால் முடியாததை சியில் எழுதின ஒரு துணை நிரல் செய்து கொடுக்கும். அங்கே முன்னிருப்பாக எழுதியிருக்கும் பெயர் என்ன தெரியுமா? நோபடி! நல்ல வசதிதான். நான் வேலை பார்த்த இடங்களில் அதைப் பயன்படுத்தினவங்களை விரல் விட்டு எண்ணிடலாம்.

சரியான வழி, முன்னால் அப்பாச்சியையோ சுமை பகிரும் கருவியையோ வெச்சு 80-ல் வாங்கி 7001-க்குத் தள்ளுவது. ஆனா அது இன்னொரு குழுவின் பொறுப்பு. பெரிய நிறுவனங்களில் யூனிக்ஸ் குழு வேறு, நெட்வொர்க் குழு வேறு, அப்ளிகேஷன் குழு வேறு. ஒரு டிக்கெட் போட்டுட்டு மூணு நாள் காத்திருக்கணும். வெள்ளிக்கிழமை ராத்திரி நேரலை. அந்த நேரத்தில் யாரிடமாவது ரூட் பாஸ்வேர்ட் இருந்தால்? நான் செய்ததைத்தான் எல்லாரும் செய்தார்கள். ரூட்டாக ஓட்டுவது அறியாமையால் நடப்பதைவிட அவசரத்தால் நடப்பதுதான் அதிகம்.

நிறுவும்போது வரும் மற்ற தொல்லைகளும் ஆளை அந்தப் பக்கமே தள்ளும். இரண்டை மட்டும் சொல்றேன்.

முதலாவது திரை. சர்வர் அறையில் இருக்கும் மெஷினுக்கு மானிட்டரே கிடையாது. நிறுவும் நிரலோ ஜன்னல் திறந்து ‘அடுத்தது’ பொத்தானை அழுத்தச் சொல்லும். யூனிக்ஸில் இதற்கு எம்ஐடி கொடுத்த எக்ஸ் என்ற ஜன்னல் முறை உண்டு. நிரல் அங்கே ஓடும், ஜன்னல் கடல் தாண்டி என் மேஜையில் திறக்கும். நம்ம லைன் வேகத்தில் ஒரு பொத்தான் வரைய அரை நிமிஷம். அதுவும் என் பெயரில் உள்ளே போய், அங்கிருந்து வேறு பயனராக மாறினால், ஜன்னலுக்கான அனுமதி கூடவே வராது. திரையைத் திறக்க முடியவில்லை என்று ஒரு வரி மட்டும் வரும். பிஇஏ காலத்தில் எழுத்துத் திரையிலேயே கேள்வி பதிலாக நிறுவும் கன்சோல் முறை இருந்தது. அதுதான் எங்க உயிர்நாடி. ஆரக்கிள் கைக்குப் போய் 12.1.2 பதிப்பில் தங்கள் பொது நிறுவியை வைத்தபோது அதை எடுத்துட்டாங்க. ஜன்னல், இல்லாட்டி பதில்களை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதித் தரும் மௌன முறை. இதை இன்னமும் என்னால் மன்னிக்க முடியல.

இரண்டாவது இன்னும் விசித்திரம். சோலாரிஸை விட்டு லினக்ஸுக்கு மாறின காலத்தில் சர்வர் சில நேரம் சும்மா பத்து நிமிஷம் உறைஞ்சு நிக்கும். பிழைச் செய்தி கிடையாது. சிபியு வேலையும் இல்லை. காரணம் தற்செயல் எண்கள். ரகசியச் சாவி உருவாக்க யாரும் ஊகிக்க முடியாத எண்கள் வேணும். லினக்ஸ் அதை விசைப்பலகைத் தட்டல், மவுஸ் அசைவு, வட்டின் நேர வேறுபாடு இவற்றிலிருந்து சேர்த்து ‘ரேண்டம்’ என்ற சாதனக் கோப்பு வழியாகத் தரும். கையிருப்பு தீர்ந்தால், சேரும்வரை காக்க வைக்கும். விசைப்பலகையும் மவுஸும் இல்லாத சர்வரில் எங்கிருந்து சேரும்? காக்க வைக்காத இன்னொரு கோப்பு உண்டு, ‘யூரேண்டம்’. ஜாவாவிடம் அதைப் படின்னு சொன்னாலும் பழைய பதிப்புகள் அந்தப் பெயருக்கு தனி அர்த்தம் வெச்சுக்கிட்டு பழைய இடத்துக்கே போகும். அதனால் பாதையின் நடுவில் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்த்து, அதே கோப்பை வேறு எழுத்தில் சொல்லி ஜாவாவை ஏமாத்தணும். இந்தப் புள்ளியின் காரணம் தெரியாமலே ஆயிரக்கணக்கான பேர் காப்பி அடிச்சு ஒட்டியிருப்பாங்க. பொறுமை இல்லாதவர்கள் ரூட்டாகப் போய் ரேண்டம் கோப்பையே அழிச்சுட்டு, அந்தப் பெயரை யூரேண்டத்துக்கு இணைப்பாகப் போட்டார்கள். ஒரு நிரலின் அவசரத்துக்காக மொத்த மெஷினின் ஒரு உறுப்பையே மாத்தறது. 2020-ல் லினக்ஸ் 5.6 கெர்னல் வந்த பிறகுதான் இந்தக் காத்திருப்பு ஓய்ந்தது.

இப்போ சிவப்பு வரிக்கு பில் வந்த கதை. 2008-ல் பிஇஏவை 850 கோடி டாலருக்கு ஆரக்கிள் வாங்குவதாக ஒப்பந்தம். 2010 ஜனவரியில் சன்னையும் வாங்கி முடித்தது. சன்னிலிருந்து கிளம்பிப் போன மூவரின் கம்பெனியும் சன்னும் கடைசியில் ஒரே வீட்டில்.

2015 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு பாதுகாப்பு மாநாட்டில் கேப்ரியல் லாரன்ஸ், கிறிஸ் ஃப்ரோஹாஃப் என்ற இருவர் பேசினார்கள். ஜாவா ஒரு பொருளை பைட் வரிசையாக்கி அனுப்பும், மறுமுனையில் மீண்டும் பொருளாக்கும். மீண்டும் பொருளாக்கும்போது, எங்கும் கிடைக்கும் ஒரு அப்பாச்சி நூலகத்தைப் பயன்படுத்தி, அனுப்பினவர் விரும்பும் கட்டளையை மறுமுனையில் ஓட வைக்கலாம் என்று காட்டினார்கள். பத்து மாசம் பெரிசா யாரும் கண்டுக்கல. நவம்பரில் ஃபாக்ஸ்குளோவ் என்ற குழு இதை வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ் மேலே செய்து காட்டியதும் உலகம் எழுந்து உட்கார்ந்தது. வெப்லாஜிக்கில் வழி எது? 7001-ல் பேசும் டி3 என்ற அதன் சொந்த நெறிமுறை. பாஸ்வேர்ட் வேண்டாம். கதவைத் தட்டினால் போதும்.

அப்படி நுழையும் கட்டளை யார் பெயரில் ஓடும்? வெப்லாஜிக் யார் பெயரில் ஓடுதோ அவர் பெயரில்.

இரண்டு வருஷம் கழித்து 2017-ல் இன்னொரு ஓட்டை. அக்டோபரில் ஆரக்கிள் அடைத்துவிட்டது, ஆனா அடைப்பை எல்லாரும் போட்டுக்கல. அந்த டிசம்பர், ஜனவரியில் வெப்லாஜிக் சர்வர்களில் புகுந்து மொனீரோ நாணயம் தோண்டும் நிரலை வைப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. அந்த ஜனவரியில் பழைய நண்பர் ஒருத்தர் கூப்பிட்டார். இரண்டு மெஷின், இரண்டிலும் சிபியு நூறு சதவீதம். ஒன்றில் வெப்லாஜிக் தனிப் பயனராக ஓடினது. தோண்டும் நிரல் அந்தப் பயனரின் பெயரில், அவருடைய கால அட்டவணையில் ஒரு வரியாக மட்டும் இருந்தது. நிறுத்தினாங்க, துடைச்சாங்க, ஓட்டையை அடைச்சாங்க, பாஸ்வேர்டுகளை மாத்தினாங்க. சாயங்காலம் வீட்டுக்குப் போயிட்டாங்க. இன்னொன்று ரூட். அங்கே தோண்டும் நிரலைத் துடைச்ச பிறகும் எதை நம்புவது? செயல்களைப் பட்டியல் போடும் கட்டளையே மாத்தப்பட்டிருக்கலாம், உள்நுழைவு நிரல் மாத்தப்பட்டிருக்கலாம். இல்லைன்னு நிரூபிக்க வழியே கிடையாது. மொத்தத்தையும் அழித்து, இயங்குதளத்திலிருந்து மறுபடி கட்டினார்கள். அதே மெஷினில் இருந்த வேறு இரண்டு அப்ளிகேஷன்களும், இந்த விவகாரத்துக்கு சம்பந்தமே இல்லாதவை, ஒரு வாரம் படுத்துக் கிடந்தன. அந்த மெஷினை முதலில் நிறுவினவர் யாரோ, எப்பவோ ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை பார்த்தவர். என்னை மாதிரி ஒருத்தர்தான். ஆனா அவருக்கு காலையில் ஒரு சீனியர் வரல.

1024 விதி இப்போ மெல்ல மெல்லக் கழன்று கொண்டிருக்கிறது. 2005-ல் வந்த சோலாரிஸ் 10, சின்ன எண் போர்ட் திறக்கும் உரிமையை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு பயனருக்குக் கொடுக்க வழி செய்தது. லினக்ஸிலும் ஒரு நிரலுக்கு அந்த உரிமையை மட்டும் கொடுக்கலாம். ஆனா ஜாவாவுக்குக் கொடுத்துப் பாருங்க, தன் பக்கத்திலேயே இருக்கும் நூலகக் கோப்பைக் காணோம்னு சொல்லி விழும். விசேஷ உரிமை பெற்ற நிரல், தான் இருக்கும் இடத்தை வைத்து நூலகம் தேடக்கூடாது என்பது இன்னொரு பாதுகாப்பு விதி. 2017-ல் லினக்ஸ் 4.11, அந்த 1024 என்ற எல்லையையே நிர்வாகி மாத்திக்கலாம்னு விட்டுடுச்சு. 2018-ல் மேக் கிட்டத்தட்ட கைவிட்டது. 2020 கடைசியில் வந்த டாக்கர் 20.10, கண்டெய்னர்களுக்குள் அந்த எல்லையைப் பூஜ்யமாக்கியது.

இப்போ கண்டெய்னருக்குள் யார் வேணும்னாலும் 80-ஐத் திறக்கலாம், ரூட் தேவையே இல்லை. ஆனா கண்டெய்னர் தயாரிக்கும்போது பயனர் பெயர் எதுவும் குறிப்பிடாமல் விட்டால், உள்ளே நிரல் ரூட் பெயரில்தான் ஓடும். வெளி மெஷினின் முழு ரூட் இல்லை, சுத்தி வேலி இருக்கு, நிஜம்தான். இருந்தாலும் புதுசா வேலைக்கு வந்த பசங்க தயாரிச்சதைப் பார்க்கும்போது, நான் கேட்கிற முதல் கேள்வி அந்தப் பழைய கேள்விதான். பாதிப் பேர் ‘தெரியலையே சார்’ங்கறாங்க.

உங்க ஆபீஸில் பழைய வெப்லாஜிக்கோ டாம்கேட்டோ ஓடிக்கிட்டிருந்தா, செயல்களின் பட்டியலை எடுத்து ஜாவா என்ற வரியின் முதல் பத்தியில் என்ன பெயர் இருக்குன்னு இன்னைக்கே ஒரு தடவை பார்த்துடுங்க. டக்ஸீடோவைப் பத்தி தனியா எழுதணும். பெல் ஆய்வகத்திலிருந்து நாவெல் வழியா பிஇஏ கைக்கு அது வந்த பயணமே ஒரு கதை. அடுத்த குறிப்பில் பார்ப்போம்.